முன்சில்லுக்கு மட்டும் வின்ரர் ரயர் போட்டால் காணுமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, என்னுடையது முன்சில்லில் இழுக்கிற கார். ஆல் சீசன் ரயர்தான், அதில் எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) என்றும் போட்டிருக்கிறது. கையில் காசு குறைவு. முன்னுக்கு மட்டும் இரண்டு வின்ரர் ரயர் போட்டால் காணாதா?"

காணாது தம்பி. முன்சில்லு ரோட்டைப் பிடிக்கும், பின்சில்லு பிடிக்காது. வளைவில் பிறேக் அடித்தால் பின்பக்கம் வழுக்கி முன்னுக்கு வரப் பார்க்கும், கார் சுழன்றுவிடும். நான் கனடாவுக்கு வந்த புதிதில் காசு மிச்சம் பிடிக்கவென்று இதைத்தான் செய்தேன். 401 நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் என் கார் வந்த பக்கத்தையே பார்த்தபடி திரும்பி நின்றது. பின்னால் ஒருவரும் வராதபடியால் தப்பினேன். அதனால்தான் யார் கேட்டாலும் நாலும் ஒரே மாதிரி போடுங்கள் என்கிறேன். நாலு சில்லும் இழுக்கிற காருக்கும் இதே கதைதான். கிளம்பும்போது அது உதவும், நிற்பாட்டும்போது உதவாது.

அப்புறம், பனி கொட்டினால் மட்டும் தேவை என்று நினைக்காதீர்கள். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனாலே ஆல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும், காய்ந்த ரோட்டிலும் பிடி குறையும். வின்ரர் ரயரின் றப்பர் குளிரிலும் மெதுமையாகவே இருக்கும். எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து ரயரில் வெட்டிய பள்ளங்களின் அமைப்பைத்தான் சொல்கிறது. நீங்கள் தேட வேண்டியது மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் போட்ட படம். பனியில் சோதித்துப் பார்த்த ரயருக்குத்தான் அது கிடைக்கும்.

காசு குறைவென்றால் பாவித்த ரயர் வாங்கலாம், ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ரயரின் பக்கத்தில் டொட் (DOT) என்ற எழுத்துக்குப் பிறகு வரும் கடைசி நாலு இலக்கம் செய்த திகதி. 3523 என்றால் 2023இன் 35ஆவது வாரம். மற்றது பள்ளத்தின் ஆழம். 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால் பனியில் ஓட அது சரிவராது, எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து இங்கே கார் இன்சூரன்ஸ் கொம்பனிகள் வின்ரர் ரயர் போட்டவர்களுக்குக் கட்டணத்தில் கழிவு தரவேண்டும். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் விடுகிறவர்கள்தான் கனபேர்.

தனி றிம்மில் பூட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் மாற்றுகிற கூலி குறையும். மாற்றி ஒரு 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பாருங்கள். குளிர் 5, 6 பாகை கூடினாலே ரயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (psi, காற்றழுத்த அளவு) இறங்கிவிடும், மாதம் ஒருமுறை காலையில் கார் ஓடமுன் அதையும் பாருங்கள் தம்பி.