புடு ஜெயில் வாயில் முன்னால எதை விளக்குறது?

இது ஒரு ஆசிரியை கேட்ட கேள்வி. “நாலாம் படிவ மாணவர்களைக் கோலாலம்பூர்ல பழைய புடு ஜெயில் இருந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். வாயில் மட்டும்தான் நிக்குது, பின்னால பேரங்காடி. அங்க என்னத்தைக் காட்டி விளக்குறது?”

டீச்சர், தூக்குத் தண்டனையில தொடங்காதீங்க. அதை முதல்ல சொல்லிட்டா, அப்புறம் எதுவும் பிள்ளைங்க காதுல ஏறாது, பேய்க் கதை கேட்பாங்க. இல்லாத கட்டடத்தை முதல்ல அவங்க கண்ணுக்குக் கொண்டு வரணும்.

கணினியில கூகுள் எர்த் திறந்து, பழைய படங்கள்ல 2010க்கு முந்தின ஆண்டுக்குப் போங்க. பெருக்கல் குறி வடிவத்துல சிறை தெரியும். அதே அளவுல இன்றைய படத்தையும் எடுத்து, ரெண்டையும் ஏ3 தாள்ல அச்சடிங்க. பளபளன்னு லேமினேட் பண்ணாதீங்க, வெயில்ல கூசும். பிள்ளைங்க பார்க்கிற திசை படத்துல மேல வர்ற மாதிரி திருப்பிப் பிடிங்க. வடக்கையே மேல வச்சா கட்டடம் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு குழம்பிடுவாங்க.

பழைய காகித வரைபடத்தை இன்றைய படத்து மேல பொருத்துறதா இருந்தா வாயில் ஒரு புள்ளி மட்டும் பத்தாது, படம் அதைச் சுத்தி எப்படியும் திரும்பும். ரெண்டாவது புள்ளிக்கு ஜாலான் புடு ஓரத்தை எடுக்காதீங்க. சாலையை அகலப்படுத்தத்தான் 2010 ஜூன்ல கிழக்குச் சுவரை இடிச்சாங்க, அந்த ஓரமே நகர்ந்துடுச்சு. 1929க்குப் பிந்தின வரைபடம்னா பக்கத்துல இருக்கிற விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக் கட்டடத்தை வச்சுக்குங்க.

வருஷங்களை ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம். 1891ல தொடங்கி 1895ல கட்டி முடிச்சது, ஜப்பான் காலத்துல போர்க்கைதிகளை அடைச்சது, 1996ல மூடினது, 2012 கடைசிக்குள்ள இடிச்சு முடிச்சது.

நேரம் கொடுக்க வேண்டியது சுவருக்கு. அதோட வெளிப்பக்கத்துல நீளமான ஓவியம், வரைஞ்சது உள்ள இருந்த கைதி. கின்னஸ்ல ஏறின ஓவியம் அது. அது போயிடுச்சு, வாயில் நிக்குது. ஏன்னு பிள்ளைங்களையே கேளுங்க. இந்தச் சிறை பெருமைப்படுற விஷயம் இல்லைன்னு அப்போ அரசாங்கத் தரப்புலயே சொன்னாங்க. பெருமை இல்லாத இடத்தைக் காப்பாத்தணுமா வேணாமான்னு அங்கயே நின்னு விவாதிக்கட்டும். என்னைக் கேட்டா, காப்பாத்தியிருக்கணும்.

தூக்கைப் பத்தி அவங்களே கேட்டா நேரடியா பதில் சொல்லுங்க, ஆனா இத்தனை பேர்னு வாய்வழியா வர்ற எண்ணிக்கை வேண்டாம். “உங்க சொந்தக்காரங்க யாராவது இங்க இருந்தாங்களா”ன்னு மட்டும் கூட்டத்துல கேட்டுடாதீங்க. இருந்திருந்தா அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலயும் தலைகுனிஞ்சு நிக்கும்.