என் கருத்து எங்கிருந்து வந்தது?

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி, அரசியல், மெய்யியல் ஆகிய மூன்றையும் பற்றிய என் சொந்தக் கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளுமாறு நிலையத்தார் அழைத்தபோது, ‘சொந்தக் கருத்து’ என்ற அந்தச் சொற்றொடரே என் மனத்தில் தங்கிவிட்டது. ஒரு தலைவரைப் பற்றியோ ஒரு சட்டத்தைப் பற்றியோ நான் கொண்டிருக்கும் கருத்தை எந்த உரிமையில் ‘என்னுடையது’ என்கிறேன்? நானே ஆராய்ந்து அடைந்த முடிவா அது, அல்லது நேற்றிரவு திரையில் ஒருவர் அழுத்தமாகச் சொன்னது என்னிடம் ஒட்டிக்கொண்டதா? மெய்யியலைப் பல ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிற எனக்கு, இக்கேள்வி வகுப்பறையில் எழுவதைவிடத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கும்போதுதான் கூர்மையாக எழுகிறது.

அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டும் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட ஜிம்மி கார்ட்டரும் பிலடெல்பியா நகரின் நாடக அரங்கு ஒன்றில் நேருக்கு நேர் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். விவாதம் முடியும் தறுவாயில் ஒலிக்கருவியில் கோளாறு ஏற்பட்டு, அரங்கிலிருந்து வந்த ஒலி முற்றிலும் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய 27 நிமிடங்கள் பிடித்தன. அவ்வளவு நேரமும் அரங்கிலிருந்து படம் மட்டுமே வந்துகொண்டிருந்தது. நாட்டை ஆளும் பொறுப்புக்குப் போட்டியிட்ட இருவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல், கைகுலுக்கிக்கொள்ளாமல், தத்தம் சாய்வு மேசையின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பதிவைப் பின்னாளில் பார்த்தபோது, இயந்திர மனிதர்களைப் போல நின்றிருந்தோமே என்று தமக்குச் சங்கடமாக இருந்ததாகக் கார்ட்டரே கூறியிருக்கிறார்.

அந்த 27 நிமிடங்களைப் பற்றி நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. சொல் நின்றுபோன பிறகு அவ்விருவரிடமிருந்து பார்வையாளருக்கு எஞ்சியவை நிற்கும் விதம், நெற்றியின் வியர்வை, கைகளை வைத்திருக்கும் முறை ஆகியவை மட்டுமே. ஆயினும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மனம் அந்நேரத்தில் மதிப்பிடும் வேலையை நிறுத்தி வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. முகம் கண்ணெதிரே இருக்கும்வரை மனம் அதைப் படித்துக்கொண்டேதான் இருக்கும். வாதம் கேட்கும் நேரத்திலும் அந்தப் படிப்பு ஓயாமல் நடப்பதால், இறுதியில் நாம் கொண்ட முடிவில் வாதத்தின் பங்கு எவ்வளவு, முகத்தின் பங்கு எவ்வளவு என்று நம்மாலேயே பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இவ்விடத்தில், தொலைக்காட்சியைக் குறை கூறுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் இன்னொரு விவாதம் உங்கள் நினைவுக்கு வரலாம். 1960-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று சிகாகோ நகரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும் மோதிய அந்த முதல் விவாதத்தை ஏறத்தாழ 7 கோடிப் பேர் பார்த்தார்கள். முழங்கால் காயம் சீழ் பிடித்து மருத்துவமனையில் இருந்துவிட்டுச் சில வாரங்களுக்கு முன்புதான் வெளியே வந்திருந்த நிக்சன் இளைத்து வெளிறிப் போயிருந்தார். கென்னடியோ நலம் பொலியும் தோற்றத்தில் இருந்தார். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகவும், வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றதாகவும் கருதினார்கள் என்று இந்தக் கதை முடியும். நானும் இதைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். கண் ஏமாற்றும், காது ஏமாறாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது என்று எண்ணியிருந்தேன்.

பின்னர், டேவிட் வான்சில், சூ பென்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1987-இல் எழுப்பிய ஐயங்களைப் படித்தேன். கதையின் முதன்மையான ஆதாரம் ஒரு தனியார் நிறுவனம் எடுத்த ஒரே ஒரு கருத்துக்கணிப்பு. அதில் வானொலி வழியாகக் கேட்டதாகச் சொன்னவர்கள் 282 பேர் மட்டுமே. வென்றவர் இன்னார் என்று துணிந்து சொன்னவர்கள் அவர்களிலும் ஒரு பகுதியினரே. அந்த நேயர்கள் விவாதத்துக்கு முன்பிருந்தே நிக்சனை ஆதரித்தவர்களா என்பதை அந்தக் கணிப்பிலிருந்து அறிய வழியில்லை. தொலைக்காட்சி எட்டாத ஊர்ப்புறங்களில் வாழ்ந்தவர்கள் அவர்களுள் கூடுதலாக இருந்திருந்தால், அவர்களுடைய தீர்ப்பு காதிலிருந்து பிறக்காமல் பழைய அரசியல் சார்பிலிருந்து பிறந்ததாகவும் இருக்கலாம்.

இதற்குப் பிறகும் கதை முற்றாக வீழ்ந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் அறிஞர், அந்த விவாதத்தைப் பற்றி முன்னறிவு இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாராருக்குப் படத்துடனும் மற்றொரு சாராருக்கு ஒலியாக மட்டும் அதை வழங்கி, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார். படத்துடன் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகக் கருதும் வாய்ப்பு கூடியிருந்தது. தலைவர்களின் குணநலன் பற்றிய எண்ணமும் அவர்களுடைய தீர்ப்பில் கூடுதலாகக் கலந்திருந்தது. ஆகவே தோற்றம் தீர்ப்பை அசைக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் நான் அத்தனை ஆண்டுகள் உறுதியாகச் சொல்லி வந்தது இந்த ஆதாரத்தின் துணையோடு அன்று. தொலைக்காட்சியின் மீது எனக்கு ஏற்கெனவே இருந்த மனக்குறைக்கு அந்தக் கதை இசைவாக இருந்தது. அதனால் அதைக் கேள்வி கேட்காமல் ஏற்றேன். பிறர் கருத்துகளை ஆராயாமல் பெற்றுக்கொள்கிறார்கள் என்று போதித்த நானே, அந்தப் போதனைக்குரிய சான்றை ஆராயாமல் பெற்றுக்கொண்டிருந்தேன். இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டதற்கும் அந்த வருத்தமே காரணம்.

பண்டைக் கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ இதைப் பற்றி அழகான ஓர் உவமை சொல்லியிருக்கிறார். டேடலஸ் என்ற புராணச் சிற்பி வடித்த சிலைகள் உயிர்த் துடிப்பு மிக்கவை. கட்டி வைக்காவிட்டால் எழுந்து ஓடிவிடுமாம். சரியான கருத்துகளும் அப்படிப்பட்டவையே என்கிறார் அவர். கருத்து சரியாகவே இருந்தாலும், ‘இது ஏன் இப்படி?’ என்று காரணத்தைக் கண்டு கட்டிப் போடாதவரை, அது மனத்தில் நிலைக்காது. அடுத்த அழுத்தமான குரல் கேட்டதும் எழுந்து போய்விடும். காரணத்தால் கட்டப்பட்ட பிறகே அது அறிவாகிறது. ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இரவு நேர விவாத நிகழ்ச்சியைப் பார்ப்பவருக்கு, அங்கே கருத்துகள் ஏராளமாக இருப்பதும் கயிறு மட்டும் இல்லாததும் தெரியவரும்.

கட்டப்படாத கருத்து எவ்வளவு விரைவில் ஓடும் என்பதற்கு, முன்பு சொன்ன 1976-ஆம் ஆண்டுத் தேர்தலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அக்டோபர் 6 அன்று நடந்த இரண்டாம் விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஃபோர்ட் கூறினார். விவாதம் முடிந்தவுடன் பார்வையாளர்களிடம் கேட்டபோது அவரே வென்றதாகக் கருதியவர்கள் மிகுதியாக இருந்தார்கள். அந்தக் கூற்று எவ்வளவு பெரிய பிழை என்று செய்தி நிறுவனங்கள் விளக்கத் தொடங்கியபின், ஒரு நாளுக்குள் மக்களின் தீர்ப்பு கார்ட்டர் பக்கம் வெகுவாகச் சாய்ந்துவிட்டது. செய்தியாளர்கள் சொன்னது சரியே. ஃபோர்டின் கூற்று பிழையானதே. என் கவலை வேறு. அந்தச் சொற்களைத் தம் காதால் கேட்டபோது எந்தக் குறையும் காணாதவர்கள், மறுநாள் ‘நேற்று அவர் தோற்றுவிட்டார்’ என்று சொன்னபோது, எந்த அனுபவத்தைப் பற்றிப் பேசினார்கள்? தாங்கள் பார்த்ததைப் பற்றியா, பார்த்ததைப் பற்றிப் பிறர் சொன்னதைப் பற்றியா? அந்த எல்லையைக் கடந்தது அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது, 1970-களின் பிற்பகுதியில் ஜார்ஜ் பிஷப்பும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் சின்சினாட்டி நகரில் நடத்திய ஆய்வு. ‘1975-ஆம் ஆண்டுப் பொது விவகாரச் சட்டத்தை நீக்க வேண்டுமா?’ என்று மக்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கற்பனை செய்தது அது. ஆயினும் கேட்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொன்னார்கள். இவர்களைப் பார்த்து நகைப்பது நியாயமாகாது. கேள்வி கேட்பவர் மரியாதையோடு விடையை எதிர்பார்த்து நிற்கும்போது, குடிமகன் என்றால் கருத்து வைத்திருக்க வேண்டும் என்ற கடமை உணர்வு அவர்களை உந்தியிருக்கும். ‘இதைப் பற்றி எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?’ என்ற கேள்வியை முதலில் வைத்து, இல்லை என்று சொல்ல வழி திறந்துவிட்டபோது, அப்படிக் கருத்துச் சொன்னவர்களின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

தொலைக்காட்சி விவாதத்தில் அந்த வழி திறப்பதே இல்லை. ‘ஆமா, இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்’ என்று நெறியாளர் கேட்கும்போது, ‘எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை, இரண்டு செய்திகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் தயங்குகிறார், நழுவுகிறார் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். அடுத்த முறை அவர் அழைக்கப்படமாட்டார். மெய்யியலில் மிக மதிப்புள்ளதாகக் கருதப்படும் செயல், அதாவது போதிய காரணம் கிடைக்கும்வரை தீர்ப்பை நிறுத்தி வைப்பது, திரையில் ஒரு குறைபாடாக மாறிவிடுகிறது.

இதற்குக் காரணம் யாருடைய தீய எண்ணமும் அன்று, நேரம்தான். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளை ஆராய்ந்த டேனியல் ஹாலின், வேட்பாளர் ஒருவர் தம் சொந்தக் குரலில் இடையீடின்றிப் பேசுவது 1968-இல் சராசரியாக 43 வினாடிகளாக இருந்தது என்றும், 1988-இல் அது 9 வினாடிகளாகக் குறைந்துவிட்டது என்றும் கணக்கிட்டார். 9 வினாடிகளில் ஒரு முடிவை அறிவிக்கலாம். காரணத்தைச் சொல்ல இயலாது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1996-இல் தொலைக்காட்சியைப் பற்றித் தொலைக்காட்சியிலேயே இரண்டு உரைகள் ஆற்றியபோது, அவசரத்தில் சிந்திக்க முடியுமா என்ற பழைய மெய்யியல் கேள்வியை எழுப்பினார். விரைந்து சிந்திப்பவர்களால் அது எப்படி முடிகிறது? எல்லோரும் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட எண்ணங்களையே அவர்கள் பேசுகிறார்கள். அவை கேட்பவரிடம் முன்பே இருப்பதால் உடனே புரிந்துவிடுகின்றன. ஏற்கப்பட்ட எண்ணத்தை மறுப்பவருக்கோ, ஒவ்வொரு படியாகக் காரணம் காட்ட நேரம் வேண்டும். எனவே கால நெருக்கடி இரு தரப்புக்கும் ஒரே அளவு அநீதி செய்வதில்லை. புதிதாக ஒன்றைச் சொல்ல வந்தவரின் கழுத்தையே அது நெரிக்கிறது. பூர்தியூ சொன்னவற்றுள் பலவற்றை நான் ஏற்பதில்லை. இதை மட்டும் மறுக்க வழி தெரியவில்லை.

வானொலி இக்குறைகளிலிருந்து விடுபட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் குரலைக் கேட்கிறீர்கள். நிதானமாகப் பேசும் குரலுக்கு, அது சொல்வது உண்மையோ பொய்யோ, தனி நம்பகத்தன்மை வந்துவிடுகிறது. என்னை இடைமறிக்க உங்களால் இயலாது. நான் சொன்ன எண்களையும் பெயர்களையும் கூட நீங்கள் பிறிதோரிடத்தில் தேடிப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்வதையே நான் விரும்புவேன்.

நான் கடைப்பிடித்து வரும் ஒரு வழக்கத்தையும் கூற விரும்புகிறேன். அரசியல் விவாதம் ஒன்றைப் பார்த்து முடித்ததும், ஒரு குறிப்பேட்டின் இடப்பக்கத்தில், அவ்வேளை எனக்கு உறுதியாகத் தோன்றும் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதுவேன். எதிரே வலப்பக்கத்தில், அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று எழுத முயல்வேன். இன்னாருடைய வாதம், இன்ன ஆவணம், என் வாழ்வில் நேர்ந்த இன்ன அனுபவம் என்று எழுத முடிந்த நாள்கள் குறைவு. ‘அவர் சொன்ன விதம் பிடித்திருந்தது’ என்றோ ‘மற்றவர் கத்தினார்’ என்றோ எழுத வேண்டிவந்த நாள்களே மிகுதி. அப்படி எழுதிய கருத்துகளை நான் அடித்துவிடுவதில்லை. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் எதுவென்று தேடிப் படித்துவிட்டு மறுபடி அப்பக்கத்துக்கு வருவேன். தன் தரப்பை மட்டும் அறிந்தவன் அதையும் சரியாக அறியாதவனே என்று 1859-இல் ஆங்கில மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதியதன் பொருள், இப்படி எழுதிப் பார்க்கத் தொடங்கிய பிறகே எனக்கு முழுமையாக விளங்கியது.

அந்தக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் நெடுநாளாக முடியாமல் இருக்கிறது. வாக்களிப்பதைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்று இடப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஆஸ்திரேலியா தன் நாடாளுமன்றத் தேர்தல்களில் 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அதைச் செய்திருக்கிறது என்பதும், அதற்குப் பிறகு அங்கே வாக்குப்பதிவு பெரிதும் உயர்ந்தது என்பதும் வலப்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் கீழே, வாக்களிக்காமல் இருப்பதும் ஒரு குடிமகனின் பேச்சாக இருக்கக்கூடுமல்லவா என்று நானே எழுதி, அடிக்கோடு இட்டு வைத்திருக்கிறேன். அந்த வினாவுக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. நாளை மாலை அந்தப் பக்கத்தை மீண்டும் எடுத்துப் படிக்க எண்ணியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.