மனு எங்கே தேங்குகிறது?

(பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளி செழிக்க வேண்டும் என்பதில் தமிழ்நாட்டில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. அப்படியிருந்தும் ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் சமாளிக்கும் தொடக்கப் பள்ளிகள் நம் ஊர்ப்புறங்களில் நிறைய இருக்கின்றன. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. அது எண்ணிக்கையோடு, உரிய தேதிக்குள், முடிவெடுக்கும் அலுவலரின் மேசைக்குப் போய்ச் சேர்வதில்லை. அதைக் கொண்டு சேர்ப்பதுதான் மேலாண்மைக் குழுவின் முதல் வேலை என்று கருதுகிறேன்.

ஆசிரியர் பணியிடத்தையே எடுத்துக்கொள்வோம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. அறுபத்தொன்றாவது பிள்ளை சேர்ந்ததும் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. ஆனால் நம் மாநிலத்தில் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்து நடக்கிறது. அதற்கு ஆதாரம், மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் இணையதளத்தில் ஏறியிருக்கும் பெயர்கள். கோளாறு இங்கேதான். தனியார் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை ஜூன் மாதமே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். வருகைப் பதிவேட்டிலும் பெயர் இருக்கும். கட்டணப் பாக்கி என்று சொல்லிப் பழைய பள்ளி எமிஸில் அந்தப் பெயரை விடுவித்திருக்காது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்வதால் பிள்ளையைச் சேர்த்துவிடுகிறோம். கணக்கில் ஏற்றத் தவறிவிடுகிறோம். இப்படி மூன்று பெயர் விடுபட்டால் 62 என்பது 59 ஆகிறது, ஒரு பணியிடம் கைநழுவுகிறது. டிசம்பரில் ஆட்சியரிடம் மனு கொடுத்தால், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில்தான் வரும்.

ஆகவே ஜூலைக் கூட்டத்தில் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகச் சரிபாருங்கள். விடுபட்டவற்றை எழுதி வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள்.

கட்டடத்துக்குப் பாதை வேறு. ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் ஆசிரியர் விவகாரம் கல்வித் துறையைச் சேர்ந்தது. கட்டடம், சுற்றுச்சுவர், கழிவறை எல்லாம் ஒன்றியத்தின் பொறுப்பு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் பார்க்க வேண்டியவை. ஒழுகும் கூரைக்கான மனுவைக் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது நம்மிடம் அடிக்கடி நடக்கிறது. "பள்ளிக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டும்" என்ற தீர்மானமும் அப்படித்தான் தேங்கும். மாணவியர் எத்தனை பேர், பயன்படும் கழிவறை எத்தனை, தண்ணீர் இணைப்பு எங்கிருந்து எத்தனை மீட்டர் இழுக்க வேண்டும், இவை மூன்றும் இருந்தால் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட முடியும். அலுவலர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "மானியத்தை என்ன செய்தீர்கள்?" என்பதுதான். பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் நெறிமுறையில் 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய்; அதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குச் செலவாக வேண்டும். அந்தச் செலவுக் கணக்கின் நகலை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

அதே தீர்மானத்தைக் கிராம சபைக்கும் கொண்டு போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாட்கள் இருக்கின்றன. முந்தைய வாரமே பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால், கூட்டம் கலைந்த பிறகு கடைசியாக வாசிப்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இனி அரசியல் ஆதரவு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை நினைத்துப் பாருங்கள். நீட் வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். நீதிபதி கலையரசன் ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது. அரசு 7.5 என்று முடிவு செய்தது. செப்டம்பர் 15-இல் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் வரவில்லை. ஆளுங்கட்சி அமைச்சர்கள் நேரில் போய்க் கேட்டார்கள், எதிர்க்கட்சி ஆளுநர் மாளிகை அருகே போராடியது, உயர் நீதிமன்றமும் கேள்வி எழுப்பியது. அக்டோபர் 29-இல் அரசாணை, மறுநாள் ஒப்புதல். அந்த ஆண்டே 300-க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒதுக்கப்பட்டன. எதிரெதிர்க் கட்சிகளால் ஒரே கோரிக்கையில் நிற்க முடிந்ததற்குக் காரணம், அதில் ஓர் எண் இருந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்ற வரையறையும் இருந்தது. நழுவ யாருக்கும் இடமில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் அதற்கு வெளியே நின்றார்கள் என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊருக்குள்ளும் சமத்துவக் கேள்வி இருக்கிறது. ஊர் மக்களும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்களிப்பாகப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு திரட்ட வேண்டும். வசதியான ஊர் சீக்கிரம் திரட்டிவிடும். கூலிக்காரர்கள் மட்டும் வாழும் குடியிருப்பால் எப்படி முடியும்? அங்கே நன்கொடை வசூலைத் தொடங்காதீர்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியையோ ஒன்றியப் பொது நிதியையோ கேளுங்கள்.

குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது சட்டம். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடமும் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகும் தாயால் காலை 11 மணிக் கூட்டத்துக்கு வர முடியாது. பிறகு பதிவேடு வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வரும். அப்படி வாங்கிய தீர்மானத்துக்காக அலுவலகத்தில் வந்து நிற்க ஆள் இருக்காது. கூட்டத்தை மாலை 4 மணிக்கு மேல், பள்ளி வளாகத்திலேயே வையுங்கள். தேதியைக் காலனித் தெருவுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள்.