லெவல் ஏறும்போது ஹெச்.பி. எவ்வளவு ஏறும்?

[திரையில்: பாதி நிரப்பிய கேரக்டர் ஷீட். ஹிட் பாயிண்ட் கட்டம் மட்டும் காலி.]

வணக்கம். ஆளுக்கொரு கதாபாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து டைஸ் உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட வருகிறவர்கள் கேரக்டர் ஷீட்டில் பெயர், இனம், வாள், கேடயம் எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பிவிடுவார்கள். ஹிட் பாயிண்ட், அதாவது ஹெச்.பி., கேரக்டர் எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான எண். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிடும். "அண்ணா, எனக்கு எவ்வளவு போடணும்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். அவர் ஒரு எண்ணைச் சொல்வார், இவர் எழுதிக்கொள்வார். அடுத்த லெவலிலும் இதே கதைதான். இன்றைக்கு அந்தக் கணக்கை நாமே போட்டுவிடலாம். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துச் சொல்கிறேன். 2024 திருத்தத்திலும் அடிப்படைக் கணக்கு இதேதான்.

தெரிய வேண்டியவை இரண்டு. முதலாவது, உங்கள் கிளாஸின், அதாவது கேரக்டருடைய தொழில் வகையின், ஹிட் டைஸ். டி6 என்றால் ஆறு முக டைஸ், டி12 என்றால் பன்னிரண்டு முகம். விசார்ட், சார்சரர் இருவருக்கும் டி6. பார்பேரியனுக்கு டி12. ஃபைட்டர், பாலடின், ரேஞ்சர் மூவருக்கும் டி10. மீதி ஆறு பேருக்கும் டி8. இரண்டாவது, உடல் உறுதிக்கான ஸ்கோரான கான்ஸ்டிட்யூஷன், சுருக்கமாகக் கான். அதிலிருந்து 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, பின்னம் வந்தால் கீழே இறக்குங்கள். கிடைப்பதுதான் கான் மாடிஃபையர். 14 என்றால் +2, 15 என்றாலும் +2தான். 8 என்றால் -1.

முதல் லெவலில் டைஸ் உருட்ட வேண்டியதே இல்லை. டைஸில் உள்ள பெரிய எண்ணை அப்படியே எடுத்து, கான் மாடிஃபையரைக் கூட்டுங்கள். கான் 14 உள்ள ஃபைட்டருக்கு 10 + 2 = 12. முடிந்தது.

[திரையில்: வேளச்சேரி பிளாட். மே மாத மதியம், ஃபேன் முழு வேகத்தில். ஷீட்டுகள் பறக்காமல் இருக்க மேலே காபி டபராக்கள்.]

இரண்டாம் லெவலில்தான் சண்டை ஆரம்பிக்கும். நான் சொல்வது டிராகனோடு நடக்கும் சண்டை இல்லை, மேசையில் நடக்கும் சண்டை. ஒவ்வொரு லெவலுக்கும் ஹிட் டைஸை உருட்டலாம், அல்லது புத்தகம் தரும் நிலையான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். டி6க்கு 4, டி8க்கு 5, டி10க்கு 6, டி12க்கு 7. எதை எடுத்தாலும் கான் மாடிஃபையர் கூடும்.

எங்கள் மேசையில் பாதிப் பேர் உருட்டத்தான் செய்வார்கள். தடுக்க முடியாது. டைஸ் கட்டிலுக்கு அடியில் ஓடினால் அது செல்லாது என்று ஒரு சட்டம்கூடப் போட்டிருக்கிறோம். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. டி10ஐ உருட்டினால் சராசரி 5.5. புத்தகம் தருவதோ 6. உருட்டினால் ஐந்தோ அதற்குக் கீழோ விழ நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு. ஆறுக்கு மேல் விழ நாற்பதுதான். லெவலுக்கு அரைப் புள்ளி சின்னதாகத் தெரியும். இருபதாம் லெவல் போவதற்குள் பத்தொன்பது முறை உருட்டுவீர்கள், சராசரியாக ஒன்பதரைப் புள்ளி போயிருக்கும். சுவாரஸ்யத்துக்காக உருட்டுங்கள், தப்பே இல்லை. லாபத்துக்காக என்றால் 6ஐ எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இப்போது பலர் கவனிக்காத இடத்துக்கு வருவோம்.

[திரையில்: இரண்டு ஷீட்டுகள் அருகருகே. "மருது, ஃபைட்டர், கான் 8." "அல்லி, விசார்ட், கான் 14."]

மருது பெரிய ஆள். கவசம், இரட்டைக் கை வாள், எல்லாம் உண்டு. ஸ்கோர் பிரிக்கும்போது வலிமைக்குக் கொட்டிவிட்டு, கானில் 8ஐத் தள்ளிவிட்டார். அல்லி ஒல்லி, கையில் ஒரு கம்பு. ஆனால் கானுக்கு 14 வைத்தாள்.

முதல் லெவலில் மருதுக்கு 10 - 1 = 9. அல்லிக்கு 6 + 2 = 8. இரண்டாம் லெவலில் மருதுக்கு 6 - 1, அதாவது 5 ஏறுகிறது. அல்லிக்கு 4 + 2, 6 ஏறுகிறது. இருவரும் 14. மூன்றாம் லெவலில் மருது 19, அல்லி 20. ஐந்தாம் லெவலில் மருது 29, அல்லி 32. முன்னால் நின்று அடி வாங்க வேண்டியவரைவிட, பின்னால் நின்று மந்திரம் போடுகிறவளுக்கு உயிர் கெட்டி! ஒவ்வொரு லெவலிலும் கான் மறுபடி மறுபடி கூடுவதால் வந்த வினை இது. யாராவது கானைக் குறைத்து வைத்தால் நான் டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) ஆக இருக்கும்போது ஒரு முறை எச்சரிப்பேன். அப்புறம் அவர்கள் பாடு.

இதற்கு மருந்தும் உண்டு. நான்காம் லெவலில் ஒரு ஸ்கோரை 2 கூட்டலாம். கானைக் கூட்டினால் மாடிஃபையர் ஒன்று ஏறும். அந்த ஒன்று, தாண்டி வந்த லெவல்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும். கான் 14 உள்ள ஃபைட்டருக்கு நான்காம் லெவலில் 36. அதை 16 ஆக்கினால் உடனே 40. இந்தப் பின்தேதிப் பாக்கியை எழுத மறப்பவர்கள் ஏராளம். உங்கள் ஷீட்டை இப்போதே ஒரு தடவை பாருங்கள்.

[திரையில்: ஓகர் என்ற ராட்சதனின் கதாயுதம். அடி 2டி8 + 4, அதாவது இரண்டு டி8 டைஸின் கூட்டலோடு 4.]

எண் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? ஹெச்.பி. பூஜ்ஜியம் ஆனால் மயக்கம். உங்கள் முறை வரும்போதெல்லாம் டி20 உருட்ட வேண்டும். 10 அல்லது மேல் என்றால் வெற்றி, கீழே என்றால் தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் நிலைமை சீராகும், மூன்று தோல்வி சேர்ந்தால் கேரக்டர் காலி. 20 விழுந்தால் 1 ஹெச்.பி.யோடு எழுந்துவிடலாம். 1 விழுந்தால் இரண்டு தோல்வி.

ஆனால் முதல் லெவலில் அந்த உருட்டலுக்கே வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். அல்லியின் அதிகபட்சம் 8, இப்போது கையில் இருப்பது 3. ஓகர் சராசரியாக 13 அடிக்கிறது. 3 போக மீதி 10. அந்த மீதி அவளுடைய அதிகபட்சத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அங்கேயே மரணம். அதே அடி ஐந்தாம் லெவல் அல்லி மேல் விழுந்தால், 32இல் 13 போய் 19 மிச்சம் இருக்கும்.

கடைசியாக ஒன்று. தற்காலிக ஹெச்.பி. கிடைத்தால் அதை மேலே உள்ள கணக்கோடு சேர்க்காதீர்கள். ஷீட்டின் ஓரத்தில் தனியாக எழுதுங்கள், அடி விழும்போது முதலில் அதைக் கழியுங்கள். ஏற்கெனவே 5 இருக்கும்போது புதிதாக 8 வந்தால் 13 ஆகாது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும்.