நாவா, அச்சா? அச்சே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘மாண் தீவின் அடையாளத்தைக் காத்ததில் பெரும்பங்கு பேசிய நாவுக்கா, அச்சடித்த இதழுக்கா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கிடக்கும் அந்தச் சிறு தீவின் சொந்த மொழி மாங்க்ஸ். இதழுக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வாங்கிய கைதட்டல் இன்னும் ஓயவில்லை. 2009இல் மாங்க்ஸ் மொழி அழிந்துவிட்டதாக யுனெஸ்கோ பட்டியல் போட்டது. ‘அழிந்த மொழி என்றால், இந்தக் கடிதத்தை எந்த மொழியில் எழுதுகிறோம்?’ என்று அந்தத் தீவின் பள்ளிப் பிள்ளைகள் கேட்டார்கள் என்றார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, பிள்ளைகள் யுனெஸ்கோவை மடக்கியது பேசியா? எழுதி! உங்கள் சாட்சி எங்கள் பக்கம் அல்லவா வந்து நிற்கிறது!

அடுத்தது அவருடைய கேலி. மாங்க்ஸ் மொழிச் சங்கம் நடத்திய ‘மன்னின்’ என்ற பத்திரிகை ஒன்பது இதழோடு நின்றுபோனதாம். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலாம். உண்மைதான். ஆனால் யாருக்காக அந்த இதழ்? 1901 கணக்கெடுப்பில் மாங்க்ஸ் பேசியவர்கள் 4,419 பேர். பத்தே ஆண்டில் 2,382. பிள்ளை பிழைக்க ஆங்கிலம் போதும் என்று பெற்றவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். 1913இல் ‘மன்னின்’ வந்தபோது, தாத்தா பாட்டியின் பேச்சு புரியாத ஒரு தலைமுறை வளர்ந்து நின்றது. அவர்களிடம் மாங்க்ஸில் மட்டும் பேசியிருந்தால் யார் படித்திருப்பார்கள்? தெரிந்த மொழியில் கூப்பிட்டு, தெரியாமல் போன பாட்டையும் கதையையும் கையில் கொடுத்தது அந்த இதழ். பாட்டுக்கு மெட்டும் சேர்த்தே அச்சிட்டது. இதைக் குறை என்கிறார் நண்பர். எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

ஆசிரியர் சோஃபியா மாரிசன், அந்தத் தீவின் பீல் ஊர்க்காரர். சங்கத்தின் செயலாளரும் அவரே. முதல் உலகப்போர் நடக்கிறது, பீலுக்குப் பக்கத்திலேயே நாக்கலோ முகாமில் எதிரி நாட்டவர் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்திலும் இதழ் வந்தது. 1917 ஜனவரியில் அவர் இறந்தார். அந்த மே மாதம் வந்ததுதான் கடைசி இதழ். ஒருவரை நம்பி நின்ற இதழ் என்பது பலவீனம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நாவின் கதை என்ன? அதே சங்கம் 1905 முதல் 1913 வரை முதியவர்களின் குரலை மெழுகு உருளைகளில் பதிவு செய்தது. பெரும்பகுதி இன்று இல்லை. ‘மன்னின்’ ஒன்பது இதழும் இருக்கின்றன.

‘நெட் மேட்ரெல்’ என்று எதிரணி வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர், 1974இல் மறைந்தார். அவரைத் தேடிப் போன இளைஞர்கள் வெறுங்கையோடா போனார்கள்? எட்மண்ட் குட்வினின் மாங்க்ஸ் பாடநூல் 1901இலேயே வெளிவந்துவிட்டது. கற்றவர்களுக்கு அது கைவிளக்கு. பாடம் படித்துவிட்டுத்தான் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்க முடியும்.

அடுத்துப் பேச வரும் அம்மையாருக்கு ஒரே ஒரு கேள்வி. 2001இல் மாங்க்ஸ் வழிப் பள்ளி தொடங்கியபோது, தாய்மொழியாகப் பேசிய தலைமுறையில் ஒருவரும் உயிரோடு இல்லை. காத்தது நாக்குதான் என்றால், அந்த 27 ஆண்டு இடைவெளியில் அது யார் வாயில் இருந்தது? பதிலைச் சொல்லிவிட்டுத் தங்கள் உரையைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.