கடைசி 28 விநாடிகளுக்கு முன்னால்

நண்பர்களுக்கு வணக்கம்.

பிடித்த அணி தோற்ற மறுநாள் எப்படி இருக்கும் என்று இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாப்பாடு இறங்காது. “வெறும் விளையாட்டுதானே, விடு” என்று யாராவது சொன்னால் சுள்ளென்று கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானதுதான் என்பது என் கட்சி. யாருக்கு முழங்காலில் அடி, யார் சோர்ந்து போயிருக்கிறார் என்று மாதக்கணக்கில் கூடவே வந்தவருக்கு எப்படி அது வெறும் விளையாட்டாகும்? வருத்தப்படுங்கள். ஆனால் அந்த வருத்தத்தில் கைதவறி எதைக் கீழே போடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச நினைக்கிறேன்.

நான் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் ரசிகன். 2013 ஜூன் 18, மயாமி ஹீட்டுடன் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை; தொடரில் 3-2 என்று நாங்கள் முன்னிலை. ஆட்டம் முடிய 28 விநாடி இருக்கும்போது ஐந்து புள்ளி அதிகம். கோப்பை வழங்குவதற்காகக் களத்தைச் சுற்றி மஞ்சள் கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்புறம் மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் தூரத்திலிருந்து வீசி ஒரு மூன்று புள்ளி போட்டார். எங்கள் கவாய் லெனார்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வீசும் ஒரு புள்ளி வாய்ப்பு, கிடைத்தது; ஒன்றுதான் விழுந்தது. லெப்ரானின் அடுத்த வீச்சு தவறியது, அவர்களுடைய கிறிஸ் போஷ் ரீபவுண்டை, அதாவது தவறித் திரும்பிய பந்தை, பிடித்து மூலைக்குத் தள்ளினார், அங்கிருந்து ரே ஆலன் வீசிய மூன்று புள்ளி விழுந்தது. 5.2 விநாடி பாக்கி, 95-95. சமநிலையால் வந்த கூடுதல் நேரத்தில், ஓவர்டைமில், 103-100 என்று தோற்றோம். இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டமும், அதோடு கோப்பையும் போயிற்று.

கவாய் தவறவிட்ட அந்த ஃப்ரீ த்ரோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. பந்து வளையத்தில் பட்டு வெளியே வரும், நான் மறுபடி பின்னால் இழுப்பேன். அந்தப் பையனைத் திட்டினேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு அப்போது 22 வயதுகூட நிரம்பவில்லை. அன்று 22 புள்ளி, 11 ரீபவுண்ட் எடுத்திருந்தார். அவர் இல்லாவிட்டால் அந்த 28 விநாடி பதற்றமே எங்களுக்குக் கிடைத்திருக்காது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நூற்றுக்கு 80 ஃப்ரீ த்ரோ போடுகிற ஒரு நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு நூறு தடவை இரண்டிரண்டு வீச்சு கொடுத்தால், இரண்டும் விழுவது சுமார் 64 தடவைதான். மீதி 36 தடவை ஒன்றாவது தவறும். களைத்த கால், கத்துகிற கூட்டம் எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. அந்த 36-ல் ஒன்று நம் கண்ணெதிரே நடந்துவிட்டால் உடனே துரோகி என்கிறோம். இப்போதெல்லாம் அதை நேராக அந்த ஆட்டக்காரரின் கைபேசிக்கே எழுதி அனுப்புகிறார்கள். தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ரே ஆலனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னோக்கி ஓடி, மூன்று புள்ளிக் கோட்டைப் பார்க்காமலே மூலையில் காலை ஊன்றி வீசுவதை அவர் பல வருடம் தனியாகப் பயிற்சி செய்தவர். அதிர்ஷ்டம் என்று நான் அன்று கத்தியது அவருடைய உழைப்பைப் பார்த்து.

சரி, அடுத்த வருடம் ஸ்பர்ஸ் இதே மயாமியை 4-1 என்று வென்றதே, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அதே கவாய்க்குத்தானே கிடைத்தது என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதை மருந்தாகக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. என்பிஏவில் 30 அணிகள். ஒவ்வொரு வருடமும் 29 அணிகளின் ரசிகர்கள் கோப்பை இல்லாமல்தான் வீடு திரும்புகிறார்கள். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலோருக்குப் பலிப்பதில்லை. லீக் சுற்றில் 73 ஆட்டம் வென்று, தோற்றது ஒன்பதே என்ற சாதனையோடு வந்த கோல்டன் ஸ்டேட் அணி 2016 இறுதித் தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் தோற்றது.

எனக்கு ஆறுதல் அந்தத் தோற்ற ஆட்டத்துக்குள்ளேயே கிடைத்தது. தொடர் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆறாவது ஆட்டத்தை முதலிலிருந்து போட்டேன். எங்கள் டிம் டங்கனுக்கு அப்போது 37 வயது. முதல் பாதியில் மட்டும் 25 புள்ளி. கூடைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று, பந்தை வாங்கி, ஒரு தோளைச் சாய்த்து, அவசரமே இல்லாமல் திரும்பிப் போடுவார். நேரலையில் இதையெல்லாம் நான் பார்த்தவன்தான். கடைசி 28 விநாடி அத்தனையையும் என் மனதிலிருந்து வழித்து எடுத்துவிட்டிருந்தது. இடைவேளை வந்தபோது, முடிவு தெரிந்திருந்தும், அந்த அறையில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.