பதினாலாம் எண் எலியும் பள்ளத்தூர் மாமாவும்

(காரைக்குடியில் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் என்னோடு படித்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து நல்ல பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இந்த ஊரில் எலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரை மணி நேரம் பொறுமையாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு நாள் இது பயன்படலாம்.

நான் சென்னையில் தண்டுவடக் காயத்தை ஆராயும் ஓர் ஆய்வகத்தில் ஆய்வு உதவியாளராக இருக்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆய்வகம் என்றால் முதலில் ஞாபகம் வருவது சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிறுவனம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு முறை அங்கே கூட்டிப்போனார்கள். வேதியியல் படிக்க வேண்டும் என்ற ஆசை அங்கேதான் வந்தது. அப்புறம் என் தாய்மாமா சாரத்திலிருந்து விழுந்தார். என் படிப்பும் திசை மாறியது.

பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். சாரக் கயிறு நழுவிவிட்டது. இரண்டு ஆள் உயரம்தான் இருக்கும். ஓடி வந்த நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, வேனில் உட்கார்த்திவைத்துக் கொண்டுபோனார்கள். பதறிப்போய் நல்லதென்று நினைத்துச் செய்தது. அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உடைந்த முதுகெலும்பு மடங்கும்போது உள்ளே இருக்கும் தண்டுவடம் இன்னும் நசுங்கலாம். அதற்குப் பிறகு மாமாவால் நடக்க முடியவில்லை. விழுந்த இடத்தில் தண்டுவடம் எவ்வளவு போனது, தூக்கியதில் எவ்வளவு போனது என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பொங்கல் முடிந்ததும் சிறாவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலுக்குப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். மாடு தூக்கி எறிந்தவரையோ, தென்னையிலிருந்து விழுந்தவரையோ அள்ளித் தூக்காதீர்கள். எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மாற்றியே ஆக வேண்டிய ஆபத்து என்றால், நாலைந்து பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பும்படி, மரக்கட்டையைப் புரட்டுவது போலப் புரட்டி ஒரு பலகையில் படுக்க வையுங்கள்.

தண்டுவடம் என்பது நம் சுண்டுவிரல் தடிமன்தான். நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். எலிக்கு இன்னும் மெலிசு. ஆராய்ச்சிக்காக எலிக்குக் காயம் உண்டாக்கும்போது அதற்கு முழு மயக்கம் கொடுத்து, முதுகெலும்பில் சின்ன ஜன்னல் போலத் திறந்து, 10 கிராம் எடையை 25 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். 10 கிராம் என்றால் ஒன்றேகால் பவுன். 25 மில்லிமீட்டர் என்றால் ஓர் அங்குலம். அவ்வளவுதான். மயக்கம் தெளியும்போது அதன் பின்னங்கால் இரண்டும் துணி போலக் கிடக்கும். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலி மருந்து உண்டு, நெறிமுறைக் குழு உண்டு, தேவைக்கு மேல் ஒரு எலியைக்கூடப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி உண்டு. இத்தனை இருந்தும் அந்தக் கனம் மனசை விட்டுப் போகவில்லை. போகவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

அடிபட்ட நொடியோடு சேதம் நிற்பதில்லை. ரத்தம் கசியும், வீங்கும், பக்கத்துச் செல்கள் மூச்சுத் திணறிச் சாகும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் காயம் மேலும் கீழும் பரவும். கை விரலில் அறுபட்ட நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். தண்டுவடத்து நரம்பு இழைகள் அப்படி வளர்வதில்லை. காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொள்கிறது. இழைகளைச் சுற்றியுள்ள உறையிலேயே வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த இழைகளுக்கு வளரும் சக்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1981-இல் கனடாவில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்துத் தண்டுவடத்தோடு பாலம் போல வைத்துப் பார்த்தார்கள். அதற்குள் இழைகள் வளர்ந்தன. எங்களைப் போன்ற ஆய்வகங்கள் எல்லாம் அந்த நம்பிக்கையில்தான் இயங்குகின்றன.

சரி, உதவியாளர் என்ன செய்வாள்? மூத்திரம் எடுப்பாள். அடிபட்ட எலிக்குத் தானாக மூத்திரம் போகாது. ஒரு துணியில் சுற்றி இடது கையில் அணைத்துக்கொண்டு, அடிவயிற்றை விரலால் மெல்லத் தடவினால், நிறைந்த பை உருண்டை நெல்லிக்காய் போலத் தட்டுப்படும். வால் பக்கமாக மெதுவாக அழுத்தினால் சொட்டுச் சொட்டாக வரும். அவசரப்பட்டால் உள்ளே கிழியும். அரைகுறையாக விட்டால் தேங்கிக் கிருமி பிடிக்கும். நிறத்தைப் பார்க்க வேண்டும், கலங்கலா, ரத்தமா என்று எழுத வேண்டும். காலை, மதியம், இரவு. தீபாவளி அன்றும் இதே வேலைதான். ஒன்றிரண்டு வாரத்தில் எலிக்குத் தானாகவே போக ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு எலியிடமும் அந்த நாளுக்காகக் காத்திருப்பேன். கையில் எடுக்கும்போது பை காலியாக இருக்கும். துணி நனைந்திருக்கும். அந்த ஈரம் தரும் சந்தோஷத்தை வேறு எதற்கும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வேலை, நடையைப் பார்ப்பது. ஒரு வட்டத் தொட்டியில் எலியை விட்டுவிட்டு இரண்டு பேர் நாலு நிமிடம் பார்த்து மதிப்பெண் போடுவோம். பின்னங்கால் அசையவே இல்லை என்றால் 0. நல்ல நடை என்றால் 21. 1995-இல் அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வகுத்த அளவு இது. பாதம் தரையில் பதிந்து உடம்பின் கனத்தைத் தாங்கினால் 9. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நிற்கும் எலியைப் பார்க்கும்போது, மதிப்பெண் போடும் கை தானாகவே ஒன்பதை எழுதப் பார்க்கும். அதனால்தான் எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்பு நீர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கூண்டில் எண் மட்டும்தான் இருக்கும்.

பதினாலாம் எண் எலியை என்னால் மறக்க முடியாது. முதல் வாரம் 1. இரண்டாம் வாரம் 6. நாலாம் வாரம் எழுந்து நின்று, தடுமாறி, நாலு அடி எடுத்து வைத்தது. மருந்து பலித்துவிட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அன்று இரவு மாமாவுக்குப் போன் செய்து, "இன்னும் கொஞ்ச வருஷம் மாமா" என்றுகூடச் சொல்லிவிட்டேன். ஆய்வு முடிந்து பட்டியலைத் திறந்தார்கள். பதினாலுக்குப் போட்டது உப்பு நீர்.

இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். முழுதாக அறுபடாத தண்டுவடம் முதல் சில மாதங்களில் தானாகவே ஓரளவு தேறும். எலிக்கும் அப்படித்தான், மனிதருக்கும் அப்படித்தான். அந்த மாதங்களில் எந்த ஊசி போட்டாலும் ஊசியால்தான் தேறியது என்று தோன்றும். மாமா விழுந்து மூன்றாம் மாதம், வெளியூரில் ஓர் இடத்தில் ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், ஊசி போட்டால் நடக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். கிணற்றுப் பக்கத்து நிலத்தை விற்றோம். ஊசி போட்ட மறுவாரம் மாமாவின் கட்டைவிரல் துள்ளியது. அத்தை அழுதுகொண்டே கொப்புடையம்மன் கோயிலுக்கு ஓடினார். அது தசை இறுக்கத்தால் வரும் துள்ளல். காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் மூளையின் சொல் கேட்காமல் தானாகத் தருவது. ஊசி போடாதவர்களுக்கும் வரும். இதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல அன்று அந்த இடத்தில் ஒருவரும் இல்லை. நிலம் போனது போனதுதான்.

தண்டுவடக் காயத்தை ஆற்றிவிடும் ஸ்டெம் செல் சிகிச்சை என்று அங்கீகாரம் பெற்றது நம் நாட்டில் எதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள்படி இதை ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நானே சொல்கிறேன், எங்களிடம் இன்னும் மருந்து இல்லை.

அந்தப் பணத்தைப் பராமரிப்புக்குச் செலவு செய்யலாம். முதல் உலகப் போரில் முதுகில் அடிபட்ட சிப்பாய்கள் பெரும்பாலும் படுக்கைப் புண்ணாலும் மூத்திரக் கிருமியாலும்தான் செத்தார்கள். 1944-இல் இங்கிலாந்தில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைத் திருப்பிப் போட வேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள், ஆட்கள் பிழைத்தார்கள். நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அதே வேலூரில் மறுவாழ்வு மையத்தையும் உருவாக்கினார். என் மாமாவுக்கு இடுப்புப் புண் ஆழமாகிக் காய்ச்சல் கண்டபோது காப்பாற்றியதும் ஓர் ஊசி இல்லை. அத்தை வைத்த அலாரம்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஏழு மாதம்.

நம் வீடுகளைக் கொஞ்சம் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைவிட நல்ல தரை கிடைக்காது. ஆனால் தெருவிலிருந்து திண்ணைக்கு ஆறேழு படி. முகப்பிலிருந்து வளவு என்கிற உள்முற்றத்துக்குப் போக ஒரு நிலைப்படி, இரண்டாம் கட்டுக்கு இன்னொன்று. மாமா வேலை பார்த்த எத்தனையோ வீடுகளுக்குள் இன்று அவரால் நுழைய முடியாது. கல்யாணத்துக்கு அழைக்கிறார்கள், அன்போடுதான் அழைக்கிறார்கள். நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும் என்று அவர் போவதில்லை. ஒரு படி உயரத்துக்கு அதைப் போல 12 மடங்கு நீளம் சரிவு என்று கணக்கு வைத்துக்கொண்டால் போதும். ஒரு கொத்தனாருக்கு இரண்டு நாள் வேலை.

மாமா இன்று வந்திருக்கிறார். அதோ, மூன்றாவது தூண் பக்கத்தில். காலையில் "என்னத்தா பேசப்போறே?" என்று கேட்டார். "உங்களைப் பற்றித்தான்" என்றேன். "எலியையும் சேத்துக்க" என்றார். எட்டு மணிக்கு அவர் குழாய் போட்டு மூத்திரம் எடுக்க வேண்டும். நாலு மணி நேரக் கணக்கு, தள்ளக்கூடாது. இந்த மண்டபத்துக் கழிப்பறைக் கதவை வந்ததும் அளந்து பார்த்தேன், 24 அங்குலம். மாமாவின் நாற்காலி 26. அதனால் ஏழேகாலுக்கு நாங்கள் பள்ளத்தூருக்குக் கிளம்ப வேண்டும். இப்போது மணி ஏழு. கேட்க வேண்டியதை என்னிடமும் கேளுங்கள், மாமாவிடமும் கேளுங்கள்.